ஆஸ்திரேலியாவில் வீட்டு ஏலம்: கிளியரன்ஸ் ரேட்டைப் படித்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிட்னியிலோ மெல்பனிலோ வீடு தேடத் தொடங்கிய எந்தக் குடும்பத்திலும் சனிக்கிழமை மாலையானால் ஓர் எண்ணைப் பற்றிய பேச்சு வந்துவிடும். "இந்த வாரம் எழுபத்திரண்டாம்", "போன வாரத்தைவிட நான்கு குறைந்துவிட்டதாம்" என்று சாப்பாட்டு மேசையில் பேசிக்கொள்வார்கள். அந்த எண்ணுக்கு இங்கே கிளியரன்ஸ் ரேட் என்று பெயர்; தமிழில் ஏல விற்பனை விகிதம் என்று சொல்லலாம். ஏலத்துக்கு வந்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனை விற்றன என்பதே அதன் பொருள். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த ஓர் எண்ணை நம்பி, தாங்க முடியாத விலைக்குக் கை தூக்கியவர்களையும், நல்ல விலை வந்தபோது கொடுக்காமல் வீட்டை மாதக்கணக்கில் தேங்கவிட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். என் அக்கா குடும்பத்துக்கே அது நடந்தது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில், இந்த எண் எல்லா ஊருக்கும் ஒரே கனத்தோடு பேசுவதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் வீட்டு ஏலங்களில் பெரும்பகுதி மெல்பனிலும் சிட்னியிலும்தான் நடக்கிறது. பிரிஸ்பேன், அடிலெய்டு, கான்பரா ஆகியவற்றில் ஓரளவு நடக்கும். பெர்த், ஹோபார்ட், டார்வின் ஆகிய ஊர்களில் ஏலம் அபூர்வம். ஏலத்துக்குப் பேர்போன மெல்பனில்கூட, டார்னீட் போன்ற புதிய வெளிப்புறக் குடியிருப்புகளில் பெரும்பாலான வீடுகள் முகவர் வழியே விலை பேசித்தான் கைமாறுகின்றன. அங்கே வீடு பார்ப்பவருக்கு, நகர மையத்தை ஒட்டிய பழைய பகுதிகளில் நடந்த ஏலங்களின் விகிதம் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதைக் காட்டுமே தவிர, அந்தத் தெருவின் விலையைச் சொல்லாது.

முதல் படி: எண் எப்படிப் பிறக்கிறது என்பதை அறிதல்

ஏலத்துக்கென்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு வீட்டுக்குப் பல முடிவுகள் வரலாம். ஏல நாளுக்கு முன்பே ஒருவர் நல்ல விலை சொல்லி வாங்கிவிடலாம். ஏலத்தன்று சுத்தியல் விழுந்து விற்கலாம். விற்பவர் மனத்தில் வைத்திருக்கும் அடிமட்ட விலையான ரிசர்வ் விலையை எவரும் எட்டாததால் விலை படியாமல் நின்றுவிடலாம். இதைத்தான் முகவர்கள் "பாஸ்ட் இன்" என்கிறார்கள். அப்படி நின்ற வீடு, அன்று மாலையே பேரம் பேசி விற்கவும் கூடும். இவை எதுவும் இல்லாமல், கேட்க ஆளில்லை என்று தெரிந்து ஏலத்தையே விலக்கிக்கொள்வதும் உண்டு.

முன்கூட்டியே விற்றவை, சுத்தியலில் விற்றவை, ஏலம் முடிந்த கையோடு விற்றவை ஆகிய மூன்றையும் கூட்டி, முடிவு தெரியவந்த ஏலங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே விகிதம். கோர்லாஜிக் என்ற பெயரில் பல ஆண்டுகள் இயங்கி 2025-இல் கோட்டாலிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்ட வீட்டுச் சந்தைத் தரவு நிறுவனம், முதற்கட்ட எண்ணை ஞாயிற்றுக்கிழமையும் இறுதி எண்ணை வியாழக்கிழமையும் வெளியிடுகிறது. வீட்டு விளம்பர இணையதளம் நடத்தும் டொமைன் நிறுவனம் சனிக்கிழமை மாலையே தன் எண்ணைத் தந்துவிடுகிறது. விலக்கிக்கொள்ளப்பட்ட ஏலங்களை இவ்விரு நிறுவனங்களும் விற்காதவை என்றே கணக்கில் சேர்க்கின்றன. அது நியாயமான முறை என்பதே என் கருத்து. கேட்க ஆளில்லாமல் பின்வாங்கிய வீட்டைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டால் சந்தையின் உண்மையான பலவீனம் மறைந்துபோகும்.

இந்த முடிவுகளைப் பெரும்பாலும் முகவர்கள்தாம் தெரிவிக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டை விற்ற முகவர் அன்று மாலையே மகிழ்ச்சியோடு தெரிவித்துவிடுவார். விலை படியாத முகவருக்கு அந்த அவசரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பேரம் அமைந்துவிடாதா என்று காத்திருப்பார், அல்லது தெரிவிக்காமலேயே விட்டுவிடுவார். ஆகவே சனிக்கிழமை எண்ணில் வெற்றிகள் அதிகமாகவும் தோல்விகள் குறைவாகவும் சேர்ந்திருக்கும்.

இரண்டாம் படி: ஒரு வார இறுதியை நீங்களே கணக்கிட்டுப் பார்த்தல்

இதைக் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு ஒருமுறை செய்து பார்த்தால் பிறகு ஆயுளுக்கும் மறக்காது. ஒரு நகரில் ஒரு சனிக்கிழமை 100 ஏலங்கள் நடக்கவிருப்பதாக வைத்துக்கொள்வோம். அன்று மாலைக்குள் 70 ஏலங்களின் முடிவு தெரிகிறது. அவற்றில் 35 வீடுகள் சுத்தியலில் விற்றன. 12 வீடுகள் முன்பே விற்றிருந்தன. 5 வீடுகள் ஏலத்துக்குப் பின் விற்றன. 14 வீடுகளுக்கு விலை படியவில்லை. 4 ஏலங்கள் விலக்கிக்கொள்ளப்பட்டன. விற்றவை 52, 70-ஆல் வகுத்தால் 74 விழுக்காடு. மாலைச் செய்தியில் வருவது இதுதான்.

வியாழக்கிழமைக்குள் இன்னும் 20 முடிவுகள் வந்து சேர்கின்றன. தாமதமாக வருபவற்றில் தோல்விகளே அதிகம் என்பதால், அவற்றில் 6 மட்டும் விற்றவை, 9 விலை படியாதவை, 5 விலக்கப்பட்டவை என்று கொள்வோம். இப்போது விற்றவை 58, தெரிந்த முடிவுகள் 90. விகிதம் 64 விழுக்காடாக இறங்கிவிட்டது. கடைசிவரை முடிவே தெரியாத 10 ஏலங்களையும் விற்காதவை என்று கொண்டு, திட்டமிட்ட 100-ஆல் வகுத்தால் 58 விழுக்காடு. மாறாக, விலக்கப்பட்ட 9 ஏலங்களையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு 81-ஆல் வகுத்தால் 71 விழுக்காட்டுக்கும் மேலே போய்விடும்.

அதே நகரம், அதே வார இறுதி, அதே வீடுகள். எண் மட்டும் 58 முதல் 74 வரை அலைகிறது. இவற்றில் எதுவும் பொய்யன்று. எதை எதனால் வகுத்தார்கள் என்று கேட்காதவர்தாம் ஏமாறுகிறார். ஆகையால் எண்ணைக் கேட்டவுடன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும்: இது முதற்கட்ட எண்ணா, இறுதி எண்ணா? திட்டமிட்டவற்றில் எத்தனைக்கு முடிவு தெரிந்திருக்கிறது? விலக்கப்பட்டவை எந்தப் பக்கம் சேர்க்கப்பட்டிருக்கின்றன? ஒரே நிறுவனத்தின் இறுதி எண்ணை மட்டும் வாரா வாரம் ஒப்பிடுவது நல்லது. இந்த வாரத்தின் முதற்கட்ட எண்ணைப் போன வாரத்தின் இறுதி எண்ணோடு ஒப்பிட்டு, "சந்தை ஏறிவிட்டது" என்று யாராவது சொன்னால், அந்த ஏற்றம் சந்தையில் இல்லை. ஒப்பிட்ட விதத்தில்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: எண் எதை அளக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படிக்கும்படி கேட்டுக்கொள்வேன். கிளியரன்ஸ் ரேட் வீட்டின் விலையை அளப்பதில்லை. விற்பவர் எதிர்பார்க்கும் விலைக்கும், வாங்குபவர் கொடுக்கத் தயாராக இருக்கும் விலைக்கும் இடையே உள்ள இடைவெளியைத்தான் அது அளக்கிறது. இடைவெளி சுருங்கினால் விகிதம் ஏறும். விரிந்தால் விகிதம் இறங்கும். இடைவெளி சுருங்குவது இரண்டு வழிகளில் நடக்கலாம்: வாங்குபவர்கள் மேலே ஏறி வரலாம், அல்லது விற்பவர்கள் மனத்தைத் தேற்றிக்கொண்டு கீழே இறங்கி வரலாம். விகிதம் ஏறுகிறது என்ற செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு, இவற்றில் எது நடந்தது என்று சொல்ல முடியாது.

சிட்னியில் 2017-ஆம் ஆண்டின் நடுவில் விலைகள் உச்சம் தொட்டு, பின் 2019 மே மாதம் வரை ஏறத்தாழ 15 விழுக்காடு இறங்கின. வங்கிகள் கடன் விதிகளை இறுக்கியதால் வாங்குபவர்களின் கை கட்டப்பட்டது. விற்பவர்களோ 2017-இன் விலையையே மனத்தில் வைத்திருந்தார்கள். அதனால் 2018-இன் இறுதியில் சிட்னியிலும் மெல்பனிலும் இறுதி விகிதம் நாற்பதுகளுக்கு வந்துவிட்டது. 2019 மே மாதத் தேர்தலுக்குப் பின் கடன் விதிகள் தளர்ந்து, ஆஸ்திரேலியாவின் மத்திய வங்கியான ரிசர்வ் வங்கி ஜூனிலும் ஜூலையிலும் வட்டியைக் குறைத்தபோது, அவ்வாண்டின் பிற்பாதியில் விகிதம் எழுபதைத் தாண்டியது, விலைகளும் திரும்பின.

என் அக்கா சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் இருந்த வீட்டை விற்க முன்வந்தது அந்த 2018-ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தில். பக்கத்து வீடு 2017-இல் 11 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போயிருந்தது. முகவர் காட்டிய விகிதமோ நகரம் முழுவதற்குமான, அதுவும் ஒரு சனிக்கிழமை மாலையின் முதற்கட்ட எண். அத்தான் ரிசர்வ் விலையாக அதே 11 லட்சத்து 20 ஆயிரத்தை எழுதிக் கொடுத்தார். "பக்கத்து வீட்டுக்குக் கிடைத்த விலைக்குக் குறைத்து நான் கொடுக்க மாட்டேன், தம்பி" என்று என்னிடமும் சொன்னார். ஏல நாளன்று வீட்டு முற்றத்தில் இருபத்தைந்து பேராவது நின்றிருந்தார்கள். ஆனால் வாசலில் போட்டிருந்த மடக்கு மேசையில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிப் பதிவு செய்து எண் அட்டையை வாங்கியவர்கள் இரண்டே பேர்; மற்றவர்கள் அக்கம்பக்கத்தாரும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும்தாம். ஏலம் 9 லட்சத்து 50 ஆயிரத்தில் தொடங்கி, பத்தாயிரம் பத்தாயிரமாக ஏறி, 9 லட்சத்து 90 ஆயிரத்தில் நின்றது. ஏலம் விடுபவர் விற்பவரின் சார்பில் 10 லட்சத்து 50 ஆயிரம் என்று அறிவித்தார். அதன்பின் எவரும் வாய் திறக்கவில்லை. அக்கா சமையலறை சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை அந்த இருவரில் ஓர் இளம் தம்பதியர் 10 லட்சத்து 20 ஆயிரம்வரை வந்தார்கள், அத்தான் மறுத்துவிட்டார். வீடு அடுத்த பிப்ரவரியில் 9 லட்சத்து 65 ஆயிரத்துக்கு விற்றது.

அத்தான் பேராசைக்காரர் அல்லர். நாற்பதுகளில் இருக்கும் விகிதம், "உங்களைப் போன்ற விற்பவர்களின் எதிர்பார்ப்பைச் சந்தை ஏற்கவில்லை" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. அதை அப்படிப் படித்துச் சொல்ல அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை. நானும் அன்று அதை அறியவில்லை.

நான்காம் படி: எண்ணை உங்கள் பகுதிக்கு இறக்கிக் கொண்டுவருதல்

விகிதம் 70-க்கு மேல் இருந்தால் விற்பவர் கை ஓங்கிய சந்தை, 60-ஐ ஒட்டி இருந்தால் சமநிலை, 50-ஐ நோக்கி இறங்கினால் வாங்குபவர் கை ஓங்கிய சந்தை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சிட்னிக்கும் மெல்பனுக்கும் இது ஓரளவு பொருந்தும். ஏலப் பழக்கம் குறைந்த பிரிஸ்பேனில் விகிதம் வழக்கமாகவே தாழ்வாக இருக்கும். அங்கே 50 என்பது மெல்பனின் 50 அன்று. ஒரு நகரின் எண்ணை அதே நகரின் பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

எத்தனை ஏலங்கள் நடந்தன என்பதும் விகிதத்துக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. மெல்பனில் கால்பந்து இறுதிப் போட்டி நடக்கும் வார இறுதியிலும், ஈஸ்டர் விடுமுறையிலும், சனவரி மாதத்திலும் ஏலங்கள் மிகக் குறைவு. அப்போது வரும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வசந்த காலத்தின் பிற்பகுதியான நவம்பரில் வீடுகள் குவியும்போது, வாங்குபவர் கூட்டம் பல வீடுகளுக்குப் பிரிந்துபோவதால் விகிதம் சற்று இறங்குவது இயல்பு. 2020 மார்ச் மாதக் கடைசியில் பெருந்தொற்றின் காரணமாகப் பொது ஏலங்கள் தடை செய்யப்பட்டபோது, விற்பவர்கள் கூட்டம் கூட்டமாக ஏலத்தை விலக்கிக்கொண்டதால் விகிதம் சரிந்தது. மக்கள் வீட்டை வேண்டாம் என்றதால் வந்த சரிவன்று அது. அடுத்த ஆண்டே, ரிசர்வ் வங்கியின் வட்டி 0.10 விழுக்காட்டில் இருந்தபோது, 2021-இன் தொடக்க மாதங்களில் விகிதம் 80-ஐத் தாண்டியது.

ஒரு புறநகர்ப் பகுதியின் வாராந்தர விகிதத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. டூங்காபியில் ஒரு வாரம் மூன்று ஏலங்கள் நடந்து இரண்டு விற்றால் 67. அடுத்த வாரம் ஒன்று விற்றால் 33. சந்தை பாதியாகிவிட்டது என்று இதற்குப் பொருளாகாது. ஆகவே நீங்களே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியையும் அதை ஒட்டிய மூன்று நான்கு பகுதிகளையும் சேர்த்து, நீங்கள் பார்க்கும் வகையான வீடுகளை மட்டும், எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு எழுதி வாருங்கள். தனி வீட்டையும் அடுக்குமாடி வீட்டையும் ஒரே பக்கத்தில் கலக்காதீர்கள். இரண்டின் விகிதமும் பெரும்பாலும் வேறுவேறாகத்தான் போகும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் முகவர் சொன்ன வழிகாட்டி விலை (வீடு ஏறத்தாழ எவ்வளவுக்குப் போகும் என்ற அவரது மதிப்பீடு), பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை, உண்மையில் ஏலம் கேட்டவர்களின் எண்ணிக்கை, ரிசர்வ் விலை எட்டப்பட்டு வீட்டை விற்கலாம் என்று அறிவிக்கப்பட்டபோது ஏலம் எந்த விலையில் இருந்தது, முடிவு, விற்ற விலை ஆகியவற்றை எழுதுங்கள். ஏலம் கேட்டவர்களின் எண்ணிக்கைதான் எல்லாவற்றிலும் அதிகம் பேசும். விகிதம் 68-இலேயே நின்றிருக்க, நான்கு ஐந்து பேர் கேட்ட வீடுகளை இப்போது இரண்டு பேர் கேட்கிறார்கள் என்றால், அடுத்த சில வாரங்களில் விகிதமும் இறங்கக்கூடும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நேரில் போய் நின்று எண்ணுபவருக்கு மட்டுமே கிடைக்கும் தகவல் அது.

ஐந்தாம் படி: வாங்குபவர் இதைக் கொண்டு செய்ய வேண்டியது

ஏலத்தில் வாங்குவதற்கும் விலை பேசி வாங்குவதற்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. விலை பேசி வாங்கும்போது சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 5 வேலை நாட்களும், மெல்பன் இருக்கும் விக்டோரியாவில் 3 வேலை நாட்களும் மனம் மாறிப் பின்வாங்க அவகாசம் உண்டு. பின்வாங்கினால் நியூ சவுத் வேல்ஸில் விலையில் 0.25 விழுக்காட்டையும், விக்டோரியாவில் 0.2 விழுக்காடு அல்லது 100 டாலர் ஆகியவற்றில் எது அதிகமோ அதையும் இழக்க நேரிடும். ஏலத்தில் இந்த அவகாசம் அறவே இல்லை. சுத்தியல் விழுந்ததும் கையெழுத்து, வழக்கமாக 10 விழுக்காடு முன்பணம். அதன்பின் கடன் கிடைக்கவில்லை என்றாலும், சுவரில் கறையான் இருந்தாலும் வீடு உங்களுடையது.

ஆகவே ஒப்பந்தத்தை வழக்கறிஞர் படிப்பது, கட்டடத்தையும் பூச்சித் தாக்குதலையும் பரிசோதிப்பது, அடுக்குமாடி என்றால் கட்டடத்தின் பொது நிர்வாகத்தையும் நிதி நிலையையும் பழுதுகளையும் சொல்லும் ஸ்ட்ராட்டா அறிக்கையைப் பெறுவது ஆகிய அனைத்தும் ஏலத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வங்கியின் முன் அனுமதியை நம்பி மட்டும் கை தூக்கக் கூடாது. நீங்கள் 12 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை வங்கி மதிப்பீட்டாளர் 11 லட்சத்து 50 ஆயிரம் என்று மதித்தால், 80 விழுக்காட்டுக் கடன் 9 லட்சத்து 60 ஆயிரத்திலிருந்து 9 லட்சத்து 20 ஆயிரமாகக் குறையும்; அந்த 40 ஆயிரத்தை உங்கள் கையிலிருந்துதான் எடுக்க வேண்டும். விகிதம் உயர்ந்து, போட்டி உச்சத்தில் இருக்கும் காலத்தில்தான் இந்தப் பள்ளம் அதிகம் நேரும். உச்ச வரம்பைத் தீர்மானிக்கும்போது இதற்கும் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

விகிதம் 70-க்கு மேல் உறுதியாக இருக்கும்போது, ஏலம் படியாமல் நின்று பேரத்தில் கிடைக்கும் என்று காத்திருப்பது பயனற்றது. அப்போது வழிகாட்டி விலையையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் முகவர் விலையை வீச்சாகச் சொன்னால் அந்த வீச்சு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். விக்டோரியாவில் ஒப்பிடத்தக்க மூன்று விற்பனைகளையும் காட்ட வேண்டும். பிரிஸ்பேன் இருக்கும் குவீன்ஸ்லாந்திலோ ஏலத்துக்கு வரும் வீட்டுக்கு வழிகாட்டி விலையே சொல்லக் கூடாது. இவ்வளவு சட்டங்கள் இருந்தும், சூடான சந்தையில் வீடுகள் வீச்சின் மேல் எல்லையைத் தாண்டித்தான் போகின்றன. எவ்வளவு தாண்டுகின்றன என்பதை உங்கள் குறிப்பேடே சொல்லிவிடும்; வரிசையாக ஐந்து வீடுகள் ஏறத்தாழ 8 விழுக்காடு தாண்டியிருந்தால், ஆறாவது வீட்டின் வழிகாட்டி விலையோடு அதைக் கூட்டிப் பார்த்து, உங்கள் வரம்புக்கு வெளியே போனால் அந்தச் சனிக்கிழமையை வேறு வீட்டுக்குச் செலவிடலாம்; பரிசோதனைக் கட்டணமும் மிஞ்சும்.

ஏலத்துக்கு முன்பே விலை சொல்வதும் ஒரு வழி. நியூ சவுத் வேல்ஸில் அப்படி வாங்கும்போது பெரும்பாலும் 66 டபிள்யூ சான்று கேட்பார்கள். அதில் உங்கள் வழக்கறிஞர் கையெழுத்திட்டால் பின்வாங்கும் அவகாசம் போய்விடும். விக்டோரியாவில், விளம்பரம் செய்யப்பட்ட ஏலத்துக்கு முன்னும் பின்னும் மூன்று வேலை நாட்களுக்குள் வாங்கினால் எப்படியும் அந்த அவகாசம் கிடையாது.

விகிதம் ஐம்பதுகளுக்கு இறங்கும்போது ஆட்டம் மாறுகிறது. விலை படியாமல் நிற்கும் வீட்டில், கடைசியாக அதிக விலை கேட்டவருக்கே முதலில் பேரம் பேசும் வாய்ப்பைத் தருவது வழக்கம். ஆகையால் ஏலத்தில் வாய் மூடி நின்றுவிட்டுப் பிறகு பேசலாம் என்று இருக்காமல், அந்தக் கடைசி ஏலக் கேள்வி உங்களுடையதாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். எதிரில் கேட்பது யார் என்பதையும் கவனியுங்கள். நியூ சவுத் வேல்ஸில் ஏலம் விடுபவர் விற்பவர் சார்பில் ஒரே ஒருமுறைதான் கேட்கலாம். விக்டோரியாவில் ஒன்றுக்கு மேலும் கேட்கலாம். இரண்டிலும் அது விற்பவர் சார்பிலான கேள்வி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆள் வைத்துப் பொய்யாகக் கேட்கச் செய்வது குற்றம். விற்பவர் சார்பிலான கேள்விக்குப் பிறகு அமைதி நிலவுகிறது என்றால், உங்களுக்குப் போட்டியாளரே இல்லை என்று பொருள். உங்களை நீங்களே விஞ்சிக்கொண்டு போகத் தேவையில்லை.

பேரத்துக்கு உள்ளே அழைத்தால், அன்றே கையெழுத்திட வேண்டும் என்ற அவசரத்துக்கு ஆளாகாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் ஏல நாளன்றே இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்த நகல்களைப் பரிமாறிக்கொண்டால் பின்வாங்கும் அவகாசம் இல்லை. மறுநாள் முதல் அந்த அவகாசத்தோடு பேசலாம். தளர்ந்த சந்தையில் அந்த வீடு திங்கட்கிழமையும் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். ஆனால் உங்கள் குறிப்பேட்டில் இதே போன்ற வீடுகள் ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விடுகின்றன என்று இருந்தால், வேறு எவரும் கேட்கவில்லை என்பதை மட்டும் நம்பித் தள்ளிப்போடுவது தவறாகிவிடும்.

ஆறாம் படி: விற்பவர் இதைக் கொண்டு செய்ய வேண்டியது

விற்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஏலம் வேண்டுமா வேண்டாமா என்பதை. இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் விஞ்சக்கூடிய வீட்டுக்கே ஏலம் நன்மை செய்யும். உங்கள் பகுதியில் உங்கள் வகை வீடுகள் ஏலத்தில் பாதிக்கும் குறைவாக விற்கின்றன என்றால், விலை பேசி விற்பதே நல்லது என்பது என் எண்ணம். விலை படியாமல் நின்ற வீடு எல்லோர் கண்ணிலும் பட்டுவிடுகிறது. அதன்பின் வரும் ஒவ்வொருவரும் அந்த நின்ற விலையிலிருந்து கீழேதான் பேசத் தொடங்குவார்கள். வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் விளம்பரச் செலவும் பெரும்பாலும் உங்களுடையதே.

முகவரைத் தேர்ந்தெடுக்கும்போது, "உங்கள் கிளியரன்ஸ் ரேட் என்ன?" என்று கேட்டால் எல்லோரும் எண்பது, தொண்ணூறு என்பார்கள். அதற்குப் பதிலாக, கடந்த மூன்று மாதங்களில் ஏலத்துக்கென்று எழுதிக்கொண்ட எல்லா வீடுகளின் முகவரிகளையும் கேளுங்கள். அவற்றில் எத்தனை ஏல நாளில் விற்றன, எத்தனை விலக்கப்பட்டன, எத்தனை பிறகு விலை குறைந்து விற்றன என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தயக்கமின்றிப் பட்டியலை எடுத்து வைப்பவரோடு பேச்சைத் தொடரலாம்.

ஏல விளம்பரம் வழக்கமாக நான்கு வாரங்கள் ஓடும். நீங்கள் கையெழுத்திட்ட நாளின் விகிதம் ஏல நாளின் விகிதமாக இருக்காது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் இறுதி எண்ணைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, வீட்டைப் பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள், எத்தனை பேர் ஒப்பந்த நகலை வாங்கினார்கள், எத்தனை பேர் பரிசோதகரை அனுப்பினார்கள் என்று முகவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரம் முடியும்போது பரிசோதகர் ஒருவரும் வரவில்லை என்றால், நகர விகிதம் 70 என்பது உங்களுக்கு உதவாது. அப்போது ஏலத்துக்கு முன்பே ஒருவர் சொல்லும் விலையை எடுத்தெறிந்து பேசுவதற்கு முன் இருமுறை எண்ணிப் பாருங்கள்.

ரிசர்வ் விலையை ஏல நாளுக்கு அருகில், கடைசி ஆறு வாரங்களின் விற்பனைகளை வைத்துத் தீர்மானியுங்கள். ஓர் ஆண்டுக்கு முந்தைய விற்பனையை, அது பக்கத்து வீடாகவே இருந்தாலும், மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தக் கட்டத்தில் சில முகவர்கள் விகிதத்தைத் தமக்கு வசதியாகக் கையாள்வதும் உண்டு: வீட்டை எழுதிக்கொள்ளும்போது சனிக்கிழமையின் உயர்ந்த எண்ணைக் காட்டியவரே, ரிசர்வ் விலையைக் குறைக்கச் சொல்லும் நாளில் வியாழக்கிழமையின் தாழ்ந்த எண்ணைக் காட்டுவார். குறிப்பேடு கையில் இருந்தால், அவர் சொல்வது சந்தையின் நிலையா, விற்பனையை முடிக்கும் அவசரமா என்பதை நீங்களே பிரித்தறியலாம். சில வேளைகளில் அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

இரண்டு எண்களை முன்னதாகவே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஏலத்துக்கான ரிசர்வ் விலை ஒன்று, ஏலம் நின்றுபோனால் அன்று மாலை ஏற்கத் தயாராக இருக்கும் விலை மற்றொன்று. குடும்பத்தில் கையெழுத்திட வேண்டியவர்கள் அனைவரும் இரண்டாவது எண்ணை வெள்ளிக்கிழமை இரவே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அக்கா வீட்டில் அந்த இரண்டாவது எண் எழுதப்படவே இல்லை. அந்தத் தம்பதியர் வரவேற்பறையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். அத்தானும் அக்காவும் உள்ளறையில் முதல்முறையாக அதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.